அயோவா ப்ரீ-ஃப்ளைட் 1943: அந்த ஒரு புள்ளியும் அந்த முகாமும்

வாசகர் கேள்வி

1943-ன் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் தரவரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். (நம்ம ஊர் கால்பந்து இல்லை, அவர்கள் கையில் பிடித்து ஓடும் ஆட்டம்.) ஏபி (அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம்) வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் அயோவா ப்ரீ-ஃப்ளைட். அது கல்லூரியே இல்லை, கடற்படைப் பயிற்சி முகாம். ஆறாம் இடம் கிரேட் லேக்ஸ், எட்டாம் இடம் டெல் மான்டே, பத்தாம் இடம் மார்ச் ஃபீல்ட். எல்லாமே முகாம்கள். காசுக்கு ஆடிக்கொண்டிருந்தவர்களுக்குச் சீருடை மாட்டிக் கல்லூரிப் பையன்களோடு மோதவிட்டால் ஜெயிக்காமல் என்ன செய்வார்கள்? இதையெல்லாம் சாதனைக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்கிறேன்.

3 நவம்பர்

சேர்த்தே ஆகவேண்டும் என்பது என் கட்சி. முதலில் அந்த முகாம் என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

பேர்ல் ஹார்பருக்குப் பிறகு அமெரிக்கக் கடற்படைக்கு ஆயிரக்கணக்கில் விமானிகள் தேவைப்பட்டார்கள். விமானத்தைத் தொடுவதற்கு முன்னால் பையன்களின் உடம்பையும் மனதையும் தயார் செய்ய 1942-ல் நான்கு கல்லூரி வளாகங்களில் ப்ரீ-ஃப்ளைட் பள்ளிகளைத் திறந்தார்கள்: அயோவா சிட்டி, வட கரோலைனாவின் சாப்பல் ஹில், ஜார்ஜியாவின் ஏதென்ஸ், கலிஃபோர்னியாவின் செயின்ட் மேரிஸ். டெல் மான்டே பிறகு சேர்ந்தது. திட்டத்தை வகுத்தவர் டாம் ஹாமில்டன். கடற்படை அகாடமி அணியில் ஆடியவர், பிறகு அதே அணிக்குக் கோச்சாகவும் இருந்தவர். நீச்சல், குத்துச்சண்டை, மல்யுத்தம், கூடைப்பந்து, ஃபுட்பால் எல்லாமே அவர் போட்ட பாடத்திட்டத்தில் கட்டாயப் பாடங்கள். சண்டை விமானத்தில் உட்காரப்போகிறவன் அடி வாங்கிக்கொண்டே யோசிக்கப் பழக வேண்டும் என்று அவர் நம்பினார்.

அதனால் அந்த அணியில் இரண்டு வகை ஆட்கள். பயிற்றுநர்களாக வந்த அதிகாரிகள் ஒரு வகை. வாஷிங்டன் ரெட்ஸ்கின்ஸின் டிக் டாட், சிகாகோ கார்டினல்ஸின் வின்ஸ் பனோனிஸ் போன்ற தொழில்முறை ஆட்டக்காரர்கள் இந்த வகையில் வருவார்கள். நீங்கள் சொல்வது இவர்களைப் பொறுத்தவரை சரி. இன்னொரு வகை கேடட்கள், அதாவது விமானிப் பயிற்சிக்கு வந்த பையன்கள். ஏறக்குறைய மூன்று மாதம் இருப்பார்கள், பயிற்சி முடிந்ததும் அடுத்த நிலையத்துக்கு அனுப்பிவிடுவார்கள். சீசன் நடுவில் இருக்கிறது, நாலு ஆட்டம் பாக்கி இருக்கிறது என்று எந்தக் கமாண்டரும் ஒரு கேடட்டைப் பிடித்து வைக்கமாட்டார்.

3 நவம்பர், இரவு

இது எனக்கு ஏன் நன்றாகப் புரிகிறது என்றால் நான் வளர்ந்தது நீலகிரி வெலிங்டனில். அப்பாவுக்கு மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரில் சிவிலியன் வேலை. சாயங்காலம் ஆனால் மைதானத்து ஓரத்தில்தான் இருப்பேன். நம்ம கால்பந்து, உதைக்கிற கால்பந்து. 1958-ல் டூராண்ட் கோப்பையை வென்ற சென்டர் அது. அந்தக் கதையை நான் சிறுவனாக இருந்தபோதும் பெரியவர்கள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அங்கே "போஸ்டிங் வந்துடுச்சு" என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். போன வாரம் இரண்டு கோல் போட்ட ஹவில்தார் இந்த வாரம் இருக்கமாட்டார். கேட்டால் லடாக் என்பார்கள், அசாம் என்பார்கள். அவர் இடத்தில் ஒரு புது ஆள் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பார். கோச் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. அமைதிக் காலத்திலேயே அப்படி. 1943-ல் எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

5 நவம்பர்

"எதிரணி எல்லாம் சின்னப் பையன்கள்தானே" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். சில இடங்களில் ஆமாம், சில இடங்களில் இல்லவே இல்லை. 1943-ன் மர்மமே இங்கேதான் இருக்கிறது.

கல்லூரிகளில் இரண்டு ராணுவத் திட்டங்கள் ஓடின. கடற்படை, மரைன் பையன்களுக்கு வி-12. அது 1943 ஜூலையில் ஆரம்பித்தது. அதில் இருந்தவர்கள் கல்லூரி அணிக்கு ஆடலாம். தரைப்படையின் திட்டத்தில் இருந்தவர்கள் ஆடக்கூடாது. இந்த ஒரு விதிதான் அந்த சீசனைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது. எந்தக் கல்லூரிக்கு எந்தத் திட்டம் வந்தது என்பதே அதன் தலையெழுத்தாகிவிட்டது.

ஓஹியோ ஸ்டேட்டைப் பாருங்கள். 1942-ல் பால் பிரவுன் கோச்சிங்கில் நாட்டின் சாம்பியன். தரைப்படைத் திட்டம் வந்து உட்கார்ந்ததும் 1943-ல் மிஞ்சியது பெரும்பாலும் பதினேழு வயதுப் பையன்கள். அந்த அணியை அயோவா ப்ரீ-ஃப்ளைட் 28-13 என்று அடித்தது. இதைப் பெரிய வெற்றி என்று நானும் சொல்லமாட்டேன்.

மறுபக்கம் மிச்சிகன். கடற்படையும் மரைனும் அங்கே வந்ததால் விஸ்கான்சினின் எல்ராய் ஹிர்ஷ் அங்கே போய்ச் சேர்ந்தார். மினசோட்டாவின் பில் டேலியும் அப்படியே. மூன்று வருடம் மிச்சிகனை எதிர்த்து ஆடிய டேலி 1943-ல் மிச்சிகன் சட்டையில் மினசோட்டாவுக்கு எதிராக இறங்கினார், ஸ்கோர் 49-6. பர்டூவில் அதைவிட வேடிக்கை. இலினாய் அணியின் டோனி புட்கோவிச் மரைன் பயிற்சிக்காக பர்டூ வந்து, பர்டூவுக்காக இலினாயை எதிர்த்தே ஆடினார்.

ஆக, முகாம் அணி மட்டும் ஆட்களை இறக்குமதி செய்தது போலப் பேசுவது அந்தக் காலத்துக்குப் பொருந்தாது. யார் எங்கே ஆடுவது என்பதை நாடு முழுக்கத் தீர்மானித்தது ராணுவ ஆணை. அந்த வருடம் முதல் இடம் பிடித்த நோட்ர டாம் கல்லூரி கூடக் கடற்படைப் பயிற்சி நடந்த வளாகம்தான்.

6 நவம்பர்

இப்போது அந்த ஒரு புள்ளி.

1943 நவம்பர் 20, நோட்ர டாமின் ஊரான சவுத் பெண்ட். நோட்ர டாம் முதல் இடம், அயோவா ப்ரீ-ஃப்ளைட் இரண்டாம் இடம், இருவரும் அதுவரை தோற்கவில்லை. நோட்ர டாம் கோச் ஃப்ராங்க் லீஹி ஒரு பக்கம், மறுபக்கம் முகாமின் கோச் டான் ஃபாரோ. நோட்ர டாமின் முதல் ஆறு ஆட்டங்களை நடத்திய குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கித் தாக்குதலை நடத்துகிறவர்) ஏஞ்சலோ பெர்டெல்லி அந்த நேரத்தில் மைதானத்திலேயே இல்லை. மரைன் பயிற்சிக்குக் கூப்பிட்டு பாரிஸ் ஐலண்டுக்கு அனுப்பிவிட்டார்கள். (ஆறே ஆட்டம் ஆடியும், சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான அந்த வருட ஹைஸ்மன் விருது அவருக்குத்தான்.) அவர் இடத்தில் ஜானி லுஜாக் என்ற இளைஞர். பிறகு 1947-ல் ஹைஸ்மன் வாங்கினாரே, அதே லுஜாக்.

பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், அதற்கு 6 புள்ளி. அதற்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே ஓர் உதை, அது உள்ளே போனால் இன்னொரு புள்ளி. இரு அணியும் இரண்டு இரண்டு டச்டவுன் போட்டன. நோட்ர டாமின் இரண்டு உதையும் உள்ளே. முகாம் அணியின் ஒன்று தவறியது. 14-13.

அந்த உதைக்காரரின் பெயரை வேண்டுமென்றே போடவில்லை. அறுபது நிமிட ஆட்டத்தை ஓர் ஆள் தலையில் கட்டுவது எனக்குப் பிடிக்காது.

அடுத்த சனிக்கிழமை நோட்ர டாம் கிரேட் லேக்ஸ் முகாமுக்குப் போனது. சிகாகோவுக்கு வடக்கே ஏரிக்கரையில் இருக்கிற கடற்படைப் பயிற்சி நிலையம், இன்றைக்கும் அமெரிக்கக் கடற்படையில் மாலுமிகளாகச் சேருகிறவர்கள் அங்கே போய்த்தான் வெளியே வருகிறார்கள். கோச் டோனி ஹிங்கிள். கடைசி ஒரு நிமிடம் கூட இல்லை, நோட்ர டாம் 14-12 என்று முன்னிலை. ஸ்டீவ் லாக் பின்வாங்கிப் பின்வாங்கி ஓடி, அடிக்க வந்தவர்களிடமிருந்து நழுவி, நீளமாக ஒரு பந்தை எறிகிறார். பால் ஆண்டர்சன் தனியாக நிற்கிறார். பிடித்து ஓடி டச்டவுன். 19-14. சுற்றி நின்றவர்கள் முழுக்க மாலுமிகள், அன்று அந்த மைதானம் என்ன ஆட்டம் போட்டிருக்கும்!

பெர்டெல்லி இதை பாரிஸ் ஐலண்டில் ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தார்.

6 நவம்பர், சற்றுப் பிறகு

"அப்படியென்றால் முதல் இடம் அயோவாவுக்கு வந்திருக்க வேண்டாமா?" இல்லை. இருவரும் 9-1 (ஒன்பது வெற்றி, ஒரு தோல்வி) என்று முடித்தார்கள், நேருக்கு நேர் ஜெயித்தது நோட்ர டாம். அதோடு அவர்கள் மிச்சிகனை 35-12, கடற்படை அகாடமி அணியான நேவியை 33-6, தரைப்படை அகாடமி அணியான ஆர்மியை 26-0 என்று வென்றுவிட்டு வந்தவர்கள். வாக்களித்தவர்கள் செய்தது சரி.

எனக்கு உறுத்துவது பர்டூதான். நோட்ர டாமை வென்ற கிரேட் லேக்ஸை பர்டூ 23-13 என்று வென்றிருந்தது. சீசன் முழுக்கத் தோல்வியே இல்லை, 9-0. கொடுத்த இடம் ஐந்து. முகாம் அணிக்கு அநியாயமா என்று கேட்கிறீர்களே, அந்த வருடம் அநியாயம் நடந்தது பர்டூவுக்கு.

9 நவம்பர்

அயோவா சிட்டியில் படித்த காலத்தில் ஒரு பழைய பொருள் கடையில் முகாம் அணியின் ஆட்டநாள் கையேடு ஒன்று கிடைத்தது. மெல்லிசான தாள், மடிப்பில் கிழிந்திருந்தது. அட்டையில் போர்ப் பத்திரம் வாங்கச் சொல்லி விளம்பரம். உள்ளே வீரர்கள் பட்டியல். எண், பெயர், எடை வரிசையாக இருக்க, பக்கத்தில் பதவி. லெப்டினன்ட், என்சைன், கேடட், கேடட், கேடட். அதற்கும் பக்கத்தில் முன்பு ஆடிய கல்லூரி.

அதை வாங்கியவர் யாரோ, பென்சிலால் சில பெயர்களை அடித்து மேலே வேறு பெயர்களைப் பொடி எழுத்தில் எழுதியிருந்தார். அடித்தவை எல்லாமே கேடட் வரிசை. அச்சகத்துக்குப் போன பட்டியல் ஆட்டத்துக்குள் பழையதாகிவிட்டது போல. அதிகாரிகள் வரிசையில் ஒரு கோடு கூட இல்லை.

கேள்வி கேட்டவருக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. நிரந்தரமாக இருந்த தொழில்முறைக்காரர்கள் பெரிய பலம்தான், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் நிற்பவன் வாரத்துக்கு வாரம் மாறும்போது பத்தில் ஒன்பது ஆட்டம் ஜெயிப்பதற்குப் பலம் மட்டும் போதாது. யார் வந்தாலும் இரண்டு மூன்று வாரத்தில் கற்றுக்கொள்கிற மாதிரி ஓர் ஆட்டமுறை வேண்டும். அது அவர்களிடம் இருந்தது. அதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும், நாளையோ மறுநாளோ.

12 நவம்பர்

அந்த ஆட்டமுறையின் பெயர் ஸ்ப்ளிட்-டி. உருவாக்கியவர் டான் ஃபாரோவே. மிசூரி பல்கலைக்கழகக் கோச்சாக 1941-ல் கொண்டுவந்தார்.

எளிமையாகச் சொல்கிறேன். முன்வரிசை ஆட்கள் வழக்கத்தைவிட இடைவெளி விட்டு நிற்பார்கள். எதிரணியும் வேறு வழியில்லாமல் விரியும். குவார்ட்டர்பேக் பந்தோடு பின்னால் போகாமல் வரிசையை ஒட்டியே பக்கவாட்டில் ஓடுவார். எதிரணியின் கடைசி ஆள் ஒருவரை யாரும் தடுக்காமல் வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். அந்த ஆள் குவார்ட்டர்பேக்கைப் பிடிக்க வந்தால் பந்து வெளியே ஓடுகிறவனுக்குப் போகும். வெளியே ஓடுகிறவனைக் காக்கப் போனால் குவார்ட்டர்பேக் தானே பந்தோடு உள்ளே புகுந்துவிடுவார். எதிரி எதைச் செய்தாலும் தப்பு. ஃபாரோ கூடைப்பந்தும் ஆடியவர். கூடைப்பந்தில் ஒரு தடுப்பாளரை நோக்கி இரண்டு பேர் பாய்ந்து வருவதைப் பார்த்துத்தான் இது தோன்றியது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

புது ஆளுக்கு இதில் மனப்பாடம் செய்ய நிறைய இல்லை. தடுப்பு வேலை நேரடியானது. முகாமுக்குப் பொருத்தமான முறை.

1942-ல் முகாமின் முதல் சீசன், கோச் பெர்னி பியர்மன். அந்த வருடம் முகாம் அணி தோற்றவர்களில் ஃபாரோவின் மிசூரியும் உண்டு, 7-0. அடுத்த வருடம் ஃபாரோ கடற்படைச் சீருடையில் அதே முகாமுக்குக் கோச்சாக வந்து, தன் சொந்த மிசூரியை 21-6 என்று தோற்கடித்தார். பியர்மன் மினசோட்டாவுக்கு எதிராக நின்றதும் இப்படித்தான். அவர் வளர்த்த அணி அது. 1942-ல் முகாம் அணியோடு போய் 7-6 என்று வென்றார். போர்க்காலம் ஒரு மனிதனைத் தன் வீட்டுக்கு எதிராகவே நிறுத்தியது.

ஆனால் 1943 சீசனின் மிகப் பெரிய விளைவு ஸ்கோர்போர்டில் இல்லை. ஃபாரோவுக்கு உதவிக் கோச்சுகள் இருவர்: ஜிம் டேட்டம், பட் வில்கின்சன். அந்த ஒரு சீசனில் இருவரும் ஸ்ப்ளிட்-டியை அக்குவேறு ஆணிவேறாகக் கற்றுக்கொண்டார்கள். வில்கின்சன் பிறகு என்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பலில் போருக்குப் போய்வந்தார். 1946-ல் டேட்டம் ஓக்லஹோமாவுக்குக் கோச்சானபோது வில்கின்சனையும் கூட்டிப் போனார். அடுத்த வருடம் டேட்டம் மேரிலாண்ட் போக, ஓக்லஹோமா வில்கின்சன் கைக்கு வந்தது. 1950, 1955, 1956 என்று மூன்று தேசியப் பட்டங்கள். 1953-லிருந்து 1957 வரை தொடர்ந்து 47 வெற்றி, முதல்நிலைக் கல்லூரி ஃபுட்பாலில் இன்னும் யாரும் தொடவில்லை. 1953-ல் தேசிய சாம்பியன் டேட்டமின் மேரிலாண்ட். அதன் பிறகு வந்த புத்தாண்டு தினத்து ஆரஞ்சு பவுலில் (சீசன் முடிந்தபின் அழைப்பின் பேரில் நடக்கும் ஆட்டம்) இருவரும் எதிரெதிரே நின்றார்கள். ஓக்லஹோமா 7, மேரிலாண்ட் 0. இரண்டு பக்கமும் ஒரே வாத்தியாரின் பாடம்.

அந்த வாத்தியார்? போருக்குப் பிறகு மிசூரிக்குத் திரும்பி 1956 வரை கோச்சாக இருந்தார். வில்கின்சனின் ஓக்லஹோமாவை அவரால் ஒரு தடவைகூட வெல்ல முடியவில்லை. ஒவ்வொரு வருடமும் தான் கற்றுக்கொடுத்த ஆட்டத்தாலேயே அடி வாங்கினார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை கூடுகிறது. போர் நேரத்தில், நாளைக்கு எதிரியாகப் போகிறவர்களிடம், ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

13 நவம்பர்

பின்னாளில் பெரிய பெயர் எடுத்த கோச் பேர் பிரையன்ட் அயோவாவில் இருந்தார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சாப்பல் ஹில் முகாமில் இருந்தவர். ஜெரால்ட் ஃபோர்டும் அங்கேதான் பயிற்றுநர், பின்னாள் ஜனாதிபதி. அயோவா முகாமில் கேடட்டாக இருந்த பெரிய பெயர் வேண்டுமென்றால் விண்வெளி வீரர் ஜான் க்ளென்.

கிரேட் லேக்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. 1944-ல் பால் பிரவுன் அங்கே கோச்சாக வந்தார். 1945-ல் அவருடைய அணி நோட்ர டாமை 39-7 என்று நொறுக்கியது. அந்த அணியின் ஃபுல்பேக் மேரியன் மோட்லி, கறுப்பினத்தவர். 1943-ல் அதே நிலையத்தில் கறுப்பின மாலுமிகளைத் தனி முகாமில் ஒதுக்கிப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1946-ல் பிரவுன் கிளீவ்லண்டில் புது அணி தொடங்கியபோது மோட்லியைக் கூப்பிட்டுக்கொண்டார். தொழில்முறை ஃபுட்பாலில் நிறத் தடை உடைந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

17 நவம்பர்

"போர் நடக்கும்போது ஆட்டம் தேவையா" என்ற கேள்விக்குத் தாமதமாகப் பதில் எழுதுகிறேன். எழுத உட்கார்ந்து இரண்டு தடவை நிறுத்திவிட்டேன்.

அயோவா சிட்டியில் முகாம் அணி ஆடியது பல்கலைக்கழகத்தின் ஸ்டேடியத்தில். 1939-ல் அதே புல்லில் ஆடி ஹைஸ்மன் வாங்கியவர் நைல் கின்னிக். கடற்படை விமானியாகச் சேர்ந்தார். 1943 ஜூன் 2 அன்று லெக்சிங்டன் கப்பலிலிருந்து பயிற்சிப் பறப்புக்குப் போனபோது விமானத்தில் எண்ணெய் கசிந்து பாரியா வளைகுடாவில் இறக்க வேண்டியதாயிற்று. உடல் கிடைக்கவே இல்லை. அந்தச் செய்தி வந்த சில மாதத்துக்குள் அதே ஸ்டேடியத்தில் விமானிகள் முகாமின் அணி இறங்கி, சொந்த வீட்டுக்காரர்களான அயோவா அணியை 25-0 என்று வென்றது. கின்னிக்கின் கோச் எடி ஆண்டர்சன் ஒரு மருத்துவர். அவரும் அப்போது ராணுவ மருத்துவப் பணிக்குப் போய்விட்டிருந்தார். 1972-லிருந்து ஸ்டேடியத்துக்கு கின்னிக் பெயர். நான் அங்கே மாணவனாக ஆட்டம் பார்க்கப் போனபோது, சுற்றி இருந்தவர்களில் பலருக்கு அவர் ஆடியது தெரிந்திருந்தது, இறந்தது தெரியவில்லை. முகாம் பற்றி யாருக்குமே தெரியவில்லை. ஹில்க்ரெஸ்ட் விடுதி வழியாகத்தான் தினமும் நடப்பேன், அது கேடட்கள் தங்கிய கட்டடம்.

மேலே சொன்ன புட்கோவிச், சீசன் முடிவதற்குள்ளேயே பர்டூவிலிருந்து பயிற்சிக்குக் கூப்பிடப்பட்டார். 1944-ல் தொழில்முறை அணியான கிளீவ்லண்ட் ராம்ஸ், புது ஆட்டக்காரர் தேர்வில் முதல் சுற்றிலேயே அவரைத் தேர்ந்தெடுத்தது. 1945 ஏப்ரலில் ஓகினாவாவில் கொல்லப்பட்டார். விஸ்கான்சினின் டேவ் ஷ்ரைனரும் அதே ஓகினாவாவில், ஜூனில்.

ஆட்டம் தேவையா என்றால், ஆட்டம் போரை ஜெயித்துக் கொடுத்தது என்று ஹாமில்டன் மாதிரி என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அந்தப் பையன்களுக்கு அந்தச் சனிக்கிழமைகள் தேவைப்பட்டன. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வெலிங்டனில் லடாக் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் கூட மைதானத்துக்கு வந்து ஆடிவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

18 நவம்பர்

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார்: "சரி, அயோவாவை ஏற்றுக்கொள்கிறேன். 1944 ராண்டால்ஃப் ஃபீல்டோடு மோதினால்?"

ராண்டால்ஃப் ஜெயிக்கும், சந்தேகமே வேண்டாம். டெக்சஸில் சான் அன்டோனியோ பக்கத்து விமானப்படைத் தளம், கோச் ஃப்ராங்க் ட்ரிடிகோ. முந்தைய சீசனில் காட்டன் பவுலில் மழையிலும் குளிரிலும் டெக்சஸோடு 7-7 என்று சமன் செய்தவர்கள். 1944-ல் அதே டெக்சஸை 42-6, ரைஸ் பல்கலைக்கழகத்தை 59-0, எஸ்எம்யூவை (சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம்) 41-0. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் பில் டட்லி அவர்கள் பக்கம். தோல்வியே இல்லாமல் முடித்து ஏபியில் மூன்றாம் இடம். டிசம்பரில் நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸில் போர்ப் பத்திர ஆட்டத்தில் செகண்ட் ஏர் ஃபோர்ஸ் அணியோடு மட்டும்தான் கொஞ்சம் மூச்சு வாங்கியது, 13-6.

உங்கள் முதல் கேள்வியில் இருந்த குறை ராண்டால்ஃபுக்கு நிறையவே பொருந்தும். 59-0 எல்லாம் போட்டியே இல்லை. அதனால்தான் எனக்கு அயோவாவின் 1943 மேலே நிற்கிறது. முதலிடத்து அணியின் சொந்த மைதானத்துக்கே போய் அவர்களை ஒரு புள்ளி வரை துரத்தினார்கள், அடுத்து மினசோட்டாவில் போய் 32-0 என்று சீசனை முடித்தார்கள். ஒரு ஆட்டம் பார்க்கக் கிடைக்கும் என்றால் ராண்டால்ஃபை விட்டுவிட்டு சவுத் பெண்டுக்குத்தான் டிக்கெட் எடுப்பேன்.